படிக்கட்டாக ஏறிய தட்டணுக்கள்: சென்னையில் நடந்த ஒரு சுண்டெலிச் சோதனையின் நிகழ்வு ஆய்வு

சென்னையின் தெற்குப் புறநகரில் உள்ள ஒரு மருந்தியல் கல்லூரியிலிருந்து இந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தது. முதுநிலை மாணவி ஒருவரின் ஆய்வேடு. பப்பாளி இலைச் சாறு, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை (பிளேட்லெட்) உயர்த்துமா என்பது கேள்வி. வெள்ளைச் சுண்டெலிகளுக்குச் சைக்ளோபாஸ்பமைடு என்ற புற்றுநோய் மருந்தைச் செலுத்தித் தட்டணுக்களைக் குறைத்துவிட்டு, சாற்றைப் புகட்டி, எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்த்திருந்தார். ஏறியிருந்தது. ஆய்விதழுக்கு அனுப்பும் முன் கால்நடை நோய்க்குறியியல் தெரிந்த ஒருவர் பார்த்துவிடட்டும் என்று வழிகாட்டிப் பேராசிரியர் நினைத்திருக்கிறார். கல்லூரி இன்னதென்று தெரியாதிருக்கச் சில விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன், பிழைகளை மாற்றவில்லை.

இந்தக் கேள்வி ஏன் எழுந்தது என்று சென்னைவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கிச் சில வாரங்களில் டெங்கு தலையெடுக்கும். "தட்டணு எவ்வளவு?" என்பதே நலம் விசாரிப்பாகிவிடும். அரசு நிலையங்களில் நிலவேம்புக் குடிநீர் கொடுப்பார்கள். வீட்டில் யாராவது பப்பாளி இலையை இடித்துப் பிழிவார்கள். அடுத்த கல்வியாண்டில் அந்த இலை ஏதோ ஒரு கல்லூரியின் ஆய்வுத் தலைப்பாகிவிடும். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. மக்கள் நம்பிக் குடிக்கும் ஒன்றைச் சோதித்துப் பார்ப்பது நியாயமான வேலைதான்.

சோதனையின் அமைப்பு எளியது. நான்கு குழுக்கள், குழுவுக்கு ஆறு சுண்டெலிகள் என்பது நம் ஊர் ஆய்வேடுகளின் எழுதப்படாத விதி. முதல் குழுவுக்கு எதுவும் கொடுக்கவில்லை. இரண்டாவது குழுவுக்குச் சைக்ளோபாஸ்பமைடு மட்டும். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் அந்த மருந்தோடு குறைந்த அளவிலும் கூடுதல் அளவிலும் இலைச் சாறு. கடைசி நாளில் எல்லா எலிகளுக்கும் வால் நுனியை வெட்டி, ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. பூசிய ஊதா மூடிக் குழாய்களில் ரத்தம் எடுத்து, சில கிலோமீட்டர் தள்ளியிருந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய்த் தானியங்கி செல் கவுண்ட்டரில் ஓட்டியிருந்தார்கள்.

வரைபடம் படிக்கட்டு வைத்தாற்போல் இருந்தது. மருந்து மட்டும் பெற்ற குழு அடியில். குறைந்த சாறு அதற்கு ஒரு படி மேலே. கூடுதல் சாறு இன்னொரு படி. இயல்பான எலிகள் உச்சியில். கூடவே இன்னொரு முடிவும் இருந்தது. மருந்து மட்டும் பெற்ற எலிகளில் சராசரித் தட்டணுப் பருமன் கூடியிருந்தது. எண்ணிக்கை குறைந்து பருமன் கூடுவதை நோயின் குறியீடாகக் கொள்ளலாம் என்று ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் பரிந்துரைத்தது. மாணவிக்கு இதில்தான் பெருமை அதிகம் என்று நடையிலேயே தெரிந்தது.

இயல்பான குழுவே இயல்பாக இல்லை

நான் நோயுற்ற குழுவை முதலில் பார்ப்பதில்லை. எதுவும் செய்யப்படாத எலிகளின் எண்கள் சரியாக இருந்தால்தான் மற்ற எண்களுக்கு மதிப்பு. மனித ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சம் முதல் நான்கரை லட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். சுண்டெலியில் அது ஏறத்தாழ பத்து லட்சம். இனத்தையும் வயதையும் பொறுத்துக் கூடும், குறையும். இந்த ஆய்வின் இயல்பான குழு அந்த அளவுக்கு வெகு கீழே நின்றது. ஆய்வேடோ "இயல்பான வரம்புக்குள்" என்று எழுதியிருந்தது. எந்த வரம்பு என்று தேடினேன். பரிசோதனை நிலையத்தின் அச்சுத்தாளில் வலப்பக்கம் இருக்கும் வரம்பு. மனிதருக்கானது.

இயந்திரமும் மனிதருக்கானதுதான். இவ்வகைக் கருவிகளில் பெரும்பாலானவை வாலஸ் கோல்ட்டர் 1953இல் காப்புரிமை பெற்ற முறையில் வேலை செய்கின்றன. உப்புக் கரைசலில் மிதக்கும் அணுக்கள் மின்சாரம் பாயும் ஒரு நுண்துளை வழியாகப் போகும்போது மின்தடை ஒரு கணம் கூடும். அணு பெரிதாக இருந்தால் துடிப்பும் பெரிது. கருவிக்கு அணுவின் முகம் தெரியாது, பருமன் மட்டுமே தெரியும். இத்தனை ஃபெம்டோலிட்டர் (அணுவின் பருமனை அளக்கும் மிகச் சிறிய அலகு) முதல் இத்தனை வரை இருந்தால் தட்டணு, அதற்கு மேல் சிவப்பணு, அதற்குக் கீழே இரைச்சல் என்று கோடு போட்டு எண்ணும். மனிதத் தட்டணுவின் சராசரிப் பருமன் 7 முதல் 11 ஃபெம்டோலிட்டர். சுண்டெலியில் அது சுமார் 5. மனிதச் சிவப்பணு 90 என்றால் சுண்டெலியின் சிவப்பணு 50 அருகில். மனிதருக்குப் போட்ட கோட்டைச் சுண்டெலிக்கும் வைத்தால் சிறிய தட்டணுக்களில் ஒரு பகுதி இரைச்சலோடு சேர்ந்து தள்ளுபடியாகிவிடும். கால்நடைகளுக்கான கருவிகளில் இனத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருப்பது இதற்காகத்தான்.

ஆனால் இந்தக் குறை எல்லாக் குழுக்களுக்கும் பொது. எல்லோரையும் ஒரே அளவுக்குக் குள்ளமாகக் காட்டும் கண்ணாடியில் உயர வித்தியாசம் மாறாது என்று பேராசிரியர் வாதிடலாம்; வாதிட்டார். அதுவரை அவர் சொன்னது சரி.

வெள்ளையணுக்கள் காட்டிக்கொடுத்தன

ஆய்வேட்டில் தட்டணு ஓர் அட்டவணையிலும் வெள்ளையணு வேறோர் அட்டவணையிலும் சராசரிகளாக இருந்தன. நான் ஒவ்வொரு எலியின் அச்சுத்தாளையும் கேட்டு வாங்கினேன். சராசரி எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

சைக்ளோபாஸ்பமைடு முதலில் தாக்குவது வெள்ளையணுக்களை. தட்டணுக்களை ஓரளவு விட்டுவைக்கும் மருந்து என்றே அதற்குப் பெயர். எனவே தட்டணு அதலபாதாளத்துக்குப் போன எலியில் வெள்ளையணு இன்னும் மோசமாக விழுந்திருக்க வேண்டும். இங்கே தலைகீழ். மருந்து மட்டும் பெற்ற குழுவில் எந்த எலியில் தட்டணு மிகக் குறைவோ அந்த எலியில் வெள்ளையணு கூடுதல். ஒரே ரத்தத்தில் இப்படி நடக்க உடலில் காரணம் தேடுவது வீண். தட்டணுக்கள் பத்தும் இருபதுமாக ஒட்டித் திரண்டுவிட்டால் கருவி அந்தத் திரளைத் தட்டணுவாக எண்ணாது. பருமனை வைத்து வெள்ளையணுக் கணக்கில் சேர்த்துவிடும். அங்கே குறையும்; இங்கே கூடும்.

பருமன் கூடியதும் இதனோடு பொருந்தியது. எலும்பு மஜ்ஞை உற்பத்தியை நிறுத்தினால் புதிய தட்டணுக்கள் வருவதில்லை. புதியவையே பொதுவாகப் பெரியவை. ஆகவே உற்பத்தி குன்றிய நோயில் சராசரிப் பருமன் ஏறக் காரணமில்லை. எண்ணிக்கை விழுந்து பருமன் ஏறுவது, வெளியே தட்டணுக்கள் அழிய அழிய மஜ்ஞை அவசரமாக உருவாக்கி அனுப்பும் நிலைக்கு உரிய கோலம். மஜ்ஞையை அடக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு அழிவு நோயின் கோலத்தைக் கண்டதாகச் சொன்னால், ஒன்று மருந்து வேறு ஏதோ செய்திருக்கிறது, அல்லது அளவு பொய். இ.டி.டி.ஏ. கலந்த ரத்தத்தில் தட்டணுக்கள் தட்டு வடிவத்தை இழந்து உருண்டையாகி, நேரம் ஆக ஆகப் பருத்துத் தெரியும் என்பது ஆய்வுக்கூடங்களில் பழைய செய்தி. அதிக நேரம் காத்திருந்த குழாயில் பருமன் அதிகம். எந்தக் குழாய் காத்திருந்தது என்பதுதான் அடுத்த கேள்வி.

நல்ல வேளையாக மாணவி வெள்ளையணு வகைகளைப் பிரித்து எண்ணுவதற்காக ஒவ்வொரு எலிக்கும் ரத்தப் பூச்சு எடுத்து (ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் மெல்லியதாகப் பரப்பி), லீஷ்மன் சாயமிட்டு, ஸ்லைடு பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். பலர் இதைச் செய்வதில்லை. கருவியே ஐந்து வகையாகப் பிரித்துக் கொடுக்கும்போது எதற்கு என்பார்கள். பூச்சின் நடுப்பகுதியில் தட்டணுக்கள் அருகி இருந்தன. இறகு போல் மெலிந்து முடியும் ஓரத்துக்கு நகர்த்தினால் அங்கே கூட்டம் கூட்டமாகக் கிடந்தன. "தட்டணு இல்லாத" எலிகளின் தட்டணுக்கள் எல்லாம் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன.

ஐஸ் பெட்டியும் வரிசையும்

மாணவியை வரவழைத்தேன். பயந்துகொண்டுதான் வந்தார். ஸ்லைடைக் காட்டிய பிறகு பயம் போய் ஆர்வம் வந்துவிட்டது. பேச்சு இவ்வளவுதான்:

"ரத்தத்தை எதில் எடுத்துப் போனீர்கள், அம்மா?"

"தெர்மாகோல் பெட்டியில் மேடம். ஐஸ் போட்டு."

"ஐஸ் போடச் சொன்னது யார்?"

"யாரும் சொல்லவில்லை. மே மாதம், வெயில். ரத்தம் கெட்டுவிடுமே என்று நானாகத்தான் போட்டேன்."

"முதலில் எந்தக் கூண்டு?"

"மருந்து மட்டும் கொடுத்த கூண்டு. அவை எந்த நேரமும் இறந்துவிடலாம் என்று சார் முதலில் முடிக்கச் சொன்னார். அப்புறம் குறைந்த சாறு, கூடுதல் சாறு, கடைசியாக நார்மல்."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. ரத்த வங்கியில் சிவப்பணுக்களைக் குளிர்பெட்டியில் வைப்பார்கள். தட்டணுக்களை மட்டும் 20 முதல் 24 டிகிரியில், மெல்ல ஆட்டிக்கொண்டே, வழக்கமாக ஐந்து நாள் வரை வைப்பார்கள். குளிர் பட்டால் தட்டணு வடிவம் மாறித் தூண்டப்படும். இ.டி.டி.ஏ. ரத்தத்தில் திரள் உண்டாவதும் குளிரில் கூடும். வெயிலுக்குப் பயந்து போட்ட ஐஸ், பாதுகாக்க வேண்டிய பொருளையே தூண்டிவிட்டது. முதலில் எடுத்த குழு பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலையும் சேர்த்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஐஸில் கிடந்தது. கடைசிக் குழு மிகக் குறைந்த நேரம். மருந்து, குறைந்த சாறு, கூடுதல் சாறு, நார்மல் என்ற அந்த வரிசையை வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால் படிக்கட்டு அப்படியே பொருந்துகிறது. அளவுக்கேற்ற விளைவு என்று ஆய்வேடு கொண்டாடியது கடிகாரத்தின் விளைவாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க இந்தத் தரவில் வழியே இல்லை.

வால் நுனியும் தன் பங்கைச் செய்திருக்கும். வெட்டிய திசுவிலிருந்து உறைதலைத் தொடங்கிவைக்கும் பொருள் ரத்தத்தோடு கலக்கிறது. வால் குளிர்ந்து சொட்டுச் சொட்டாக வந்தால் குழாயைச் சேருவதற்குள்ளேயே ஒட்டத் தொடங்கிவிடும். வாலை முன்கூட்டி வெதுவெதுப்பாக்கினால் ஓட்டம் விரைவாகும். முதல் கூண்டின்போது கை பழகவில்லை, கடைசிக் கூண்டில் ரத்தம் நன்றாக வந்தது என்று மாணவியே சொன்னார். இதுவும் அதே திசையில்தான் தள்ளுகிறது.

தட்டணுவுக்கு ஒட்டிக்கொள்வதே தொழில். 1882இல் ஜூலியோ பிட்சோசெரோ உயிருள்ள கினிப் பன்றியின் குடல்தாங்கிச் சவ்வில் ரத்தக் குழாய்களை நுண்ணோக்கியில் பார்த்து இந்த அணுவை அடையாளம் கண்டபோதே, குழாய் காயப்பட்ட இடத்தில் அவை சேர்ந்து ஒட்டுவதையும் கண்டார். விலங்கில் தட்டணுவை அளப்பவர் முதலில் போராட வேண்டியது நோயோடு அல்ல, இந்தக் குணத்தோடுதான்.

மண்ணீரல் பற்றி ஒரு வார்த்தை

ஆய்வேட்டில் மண்ணீரல் திசுவின் படமும் இருந்தது. அதில் தட்டணுக்களைப் பிறப்பிக்கும் மெகாகேரியோசைட் அணுக்கள் தெரிந்தன. மனித நோய்க்குறியியலாளர் ஒருவர் "மஜ்ஞைக்கு வெளியே ரத்த உற்பத்தி" என்று குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். வயது வந்த மனிதரின் மண்ணீரலில் அவை தெரிந்தால் கவலைப்பட வேண்டியதுதான். சுண்டெலியின் மண்ணீரல் ஆயுள் முழுவதும் ரத்த அணுக்களை உருவாக்கும். அங்கே அவை இருப்பது செய்தியே அல்ல. இயல்பான குழுவின் மண்ணீரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் இந்தப் பத்தி ஆய்வேட்டில் வந்திருக்காது.

எண் சரியாக இருந்திருந்தாலும்

பேராசிரியர் விடவில்லை. திரள் இல்லாத எலிகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் என்ன என்றார். பூச்சுகளைப் பார்த்து ஒதுக்கியபின் மருந்து மட்டும் பெற்ற குழுவில் ஒப்பிடும் அளவுக்கு எலிகள் மிஞ்சவில்லை. அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, எண்கள் கச்சிதமாக இருந்ததாகவே கொள்வோம். அப்போதும் அந்தக் கடைசி அத்தியாயத்துக்கு என் கையெழுத்துக் கிடைத்திருக்காது.

முதல் காரணம் காலம். சுண்டெலித் தட்டணுவின் ஆயுள் நான்கைந்து நாள்; மனிதரில் எட்டு முதல் பத்து. சைக்ளோபாஸ்பமைடு ஒரு முறை கொடுத்தால் எண்ணிக்கை இறங்கி, மருந்தில்லாமலேயே திரும்ப ஏறும். தட்டணுக்கள் குறையும்போது அவற்றோடு பிணைந்து அகற்றப்படும் த்ராம்போபொயட்டின் ஹார்மோன் ரத்தத்தில் மிஞ்சுகிறது, மஜ்ஞை தூண்டப்படுகிறது, சில சமயம் இயல்பைத் தாண்டியும் ஏறிவிடும். ஒரே ஒரு நாள் மட்டும் அளந்தால் இறக்கத்தில் இருக்கும் எலியையும் ஏற்றத்தில் இருக்கும் எலியையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். அதற்காகத் தினமும் ரத்தம் எடுக்கவும் முடியாது. 25 கிராம் சுண்டெலியின் உடலில் மொத்தமே இரண்டு மில்லிலிட்டருக்கும் குறைவான ரத்தம். ஒரு தடவையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. திரும்பத் திரும்ப எடுத்தால் இரும்புச் சத்து குறையும். இரும்புக் குறைவே தட்டணுவை ஏற்றிவிடும். அளக்கும் செயலே அளவை மாற்றும் இடம் இது.

அடுத்து, குறியீடு என்ற சொல் எதைக் கோருகிறது என்பது. தட்டணு குறைவது டெங்குவில் உண்டு, மலேரியாவில் உண்டு, ரத்தத்தில் கிருமி பரவும் நிலையில் உண்டு, மஜ்ஞை நஞ்சில் உண்டு. நம் ஊர் நாய்களில் உண்ணி பரப்பும் எர்லிக்கியா நோயில் அது அன்றாடக் காட்சி. கூடுவது காசநோயிலும் சில புற்றுக்கட்டிகளிலும் காணப்படும். கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் நாய்களில் பல, பிறவியிலேயே குறைந்த எண்ணிக்கையும் பெரிய பருமனுமாக எந்த நோயும் இல்லாமல் திரிகின்றன. மாணவியின் "நோய்க் கோலம்" அந்த நாய்களுக்கு இயல்பு. எண்ணிக்கை ஒன்றை மட்டும் கொண்டு நோய் இன்னதென்று சொல்ல முடியாது. நோய் இன்னதென்று வேறு வழியில் தெரிந்த விலங்கில், அதன் போக்கைத் தொடர்ந்து கவனிக்கத்தான் அது உதவும்.

டெங்குவுக்கு வருவோம், ஏனென்றால் ஆய்வேட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் டெங்கு. சாதாரணச் சுண்டெலியில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகுவதே இல்லை. வைரஸை எதிர்க்க உதவும் இன்டர்ஃபெரான் புரதங்களின் ஏற்பிகள் நீக்கப்பட்ட ஏ.ஜி.129 போன்ற தனி இனங்களில்தான் அந்த நோயை ஓரளவு உண்டாக்க முடிகிறது. புற்றுநோய் மருந்தால் மஜ்ஞை அடங்கிய எலியை டெங்கு நோயாளியின் இடத்தில் நிறுத்துவது பெரிய தாவல். டெங்குவில் மஜ்ஞையும் தளர்கிறது, வெளியே அழிவும் நடக்கிறது, ரத்தக் குழாய்ச் சுவரில் கசிவும் சேர்கிறது. உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் அந்தக் கசிவில்தான். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டி, தட்டணு வேகமாக விழும்போதே ரத்தத்தின் சிவப்பணு விகிதம் ஏறுவதை எச்சரிக்கை அறிகுறியாக வைத்தது. தட்டணுவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் கசிவைத் தவறவிடுவார். நெருக்கடிக் கட்டம் கடந்தபின் தட்டணு தானாகவே ஏறும். அந்த நேரத்தில் எதைக் குடித்திருந்தாலும் அதற்கே பெருமை போய்ச் சேரும்.

சுண்டெலியின் தட்டணு மனிதத் தட்டணுவின் சிறிய பிரதியும் அல்ல. மனிதத் தட்டணுவின் மேல் எஃப்.சி. காமா 2ஏ என்ற ஏற்பி உண்டு. சுண்டெலித் தட்டணுவில் அது இல்லை. 1990களின் இறுதியில், சி.டி.40 லிகண்ட் என்னும் மூலக்கூறைத் தடுக்கும் முறை சுண்டெலிகளில் நன்றாக வேலை செய்ததையடுத்து, அதற்கான எதிர்ப்பொருள் ஒன்று மனிதச் சோதனைக்கு வந்தது. ரத்தக் கட்டிகள் உண்டானதால் நிறுத்த வேண்டியதாயிற்று. பிறகு அந்த மனித ஏற்பியைப் புகுத்திய சுண்டெலிகளில் பார்த்தபோதுதான் அவற்றிலும் ரத்தக் கட்டி உண்டானது தெரிந்தது. ஓர் ஏற்பி இல்லாததால் மறைந்துபோன ஆபத்து அது. இலைச் சாற்றுக்கு இப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. சுண்டெலித் தட்டணு நன்றாக இருக்கிறது என்பது மனிதருக்கான சான்றிதழ் ஆகாது என்கிறேன்.

என்ன செய்தோம்

பேராசிரியர் புதிதாக இன்னொரு தொகுதிச் சுண்டெலிகளுக்கு விண்ணப்பிக்க நினைத்தார். கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவில் வெளி உறுப்பினர் ஒருவர் மறித்தார், மறித்தது சரி. 1959இல் ரஸ்ஸலும் பர்ச்சும் விலங்குச் சோதனைகளுக்கு முன்வைத்த மூன்று கொள்கைகளில் ஒன்று எண்ணிக்கைக் குறைப்பு. அளவுமுறை நிலைபெறாமல் மருந்துக் கேள்விக்காக எலிகளைச் செலவழிப்பது அதற்கு நேர் எதிர். வேறொரு துறையில் முடிவுக்கு வந்திருந்த ஓர் ஆய்வின் சுண்டெலிகளை எப்படியும் கருணைக்கொலை செய்யவிருந்தார்கள். அவற்றிலிருந்து மயக்க நிலையில் இதயத்திலிருந்து ஒரே இழுப்பில் எடுத்த ரத்தத்தையும், வாலிலிருந்து எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. அறை வெப்பத்தில் ஒரு பகுதி, ஐஸில் ஒரு பகுதி. தானியங்கிக் கருவி எதுவும் இல்லாமல், 1950இல் பிரெக்கரும் குரோன்கைட்டும் விவரித்த முறைப்படி அம்மோனியம் ஆக்சலேட்டில் சிவப்பணுக்களைக் கரைத்து, எண்ணறைக் கண்ணாடியில் தட்டணுக்களை நுண்ணோக்கியால் எண்ணினோம். ஈரப்பதமுள்ள பெட்டியில் இருபது நிமிடம் படிய விட வேண்டும். பொறுமை கேட்கும் வேலை. மாணவிக்கு அது இருந்தது. வாலிலிருந்து வந்து ஐஸில் இருந்த குழாய்களின் பூச்சுகளில் திரள்கள் தெரிந்தன. இதய ரத்தத்தில், உடனே எண்ணியபோது, தெரியவில்லை.

ஆய்வேடு தலைப்பை மாற்றிக்கொண்டு சமர்ப்பிக்கப்பட்டது. இலைச் சாற்றின் வரைபடம் பின்னிணைப்புக்குப் போனது. அதன் கீழே ரத்தம் எடுத்த வரிசையும் நேரமும் அச்சாயின. பருமன் பற்றிய அத்தியாயம் நீக்கப்பட்டது. "அப்படியானால் பப்பாளி இலை வேலை செய்யாதா?" என்று பேராசிரியர் சற்றுக் கோபமாகவே கேட்டார். இந்தக் கோப்பு அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று பதில் எழுதினேன்.

புதிய விண்ணப்பம் இப்போது நெறிமுறைக் குழுவின் முன் இருக்கிறது. ரத்தம் எடுக்கும் வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது, குலுக்குபவருக்கு எந்தக் கூண்டில் எந்த மருந்து என்று தெரியாதிருப்பது, அரை மணிக்குள் எண்ணுவது, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பூச்சின் ஓரத்தில் திரள் உண்டா இல்லையா என்று ஒரு கட்டம் வைப்பது ஆகியவை அதில் உள்ளன. குழு ஒரு திருத்தம் கேட்டிருக்கிறது: மே மாதத்தில் வேண்டாம், விலங்குக் கூடத்தின் குளிர்சாதனம் பழுது பார்க்கப்பட்ட பிறகு தொடங்குங்கள் என்று.